பேரப்பிள்ளைக்காகப் பள்ளியில் பேசுபவர் யார்?

இந்தக் கையேடு இடைநிலைப்பள்ளியின் முதல் மூன்று படிவங்களில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. எழுதப்பட்டிருப்பதோ அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் தாத்தா பாட்டிகளுக்காக. அப்பாவும் அம்மாவும் ஆயர் குரோவிலோ பத்து பெரெண்டாமிலோ ஷிப்ட் வேலை செய்யும் வீடுகள் மலாக்காவில் ஏராளம். சிங்கப்பூருக்குப் போய் வாரக் கடைசியில் மட்டும் திரும்பும் பெற்றோரும் உண்டு. அந்த வீடுகளில் பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது கதவைத் திறப்பவர் நீங்கள்தான். பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் முதலில் கையில் வாங்குபவரும் நீங்கள்தான்.

தோட்டப் பள்ளியும் இடைநிலைப்பள்ளியும்

உங்களில் பலர் தோட்டப் பள்ளியில் படித்தவர்கள். ஆறாம் வகுப்போடு நின்று பால்மரம் வெட்டப் போனவர்களும் இருப்பீர்கள். அந்தப் பள்ளியில் வாத்தியார் அதே தோட்டத்தில் குடியிருந்தார். பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால், பெரட்டுக் களத்திலேயே உங்கள் அப்பாவைப் பிடித்துக் கேட்டுவிடுவார். எந்த லயத்தில் யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாநிலத்தில் இன்று இருக்கும் 21 தமிழ்ப்பள்ளிகளில் சிறியவற்றில் அந்த நெருக்கத்தை இப்போதும் ஓரளவு காணலாம்.

இடைநிலைப்பள்ளி அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான மாணவர்கள் படிக்கிறார்கள். பல பள்ளிகளில் ஆயிரத்துக்கும் மேல். பாடத்துக்கு ஓர் ஆசிரியர். எல்லாம் மலாய் மொழியில். இடநெருக்கடி உள்ள பள்ளிகளில் கீழ்ப்படிவ மாணவர்களுக்கு மதிய வகுப்பு. காலை முழுவதும் பிள்ளை வீட்டில் இருக்கும், திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு படிக்கிறார்கள். 'பெராலிஹான்' என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் வகுப்பு அதுதான். அது தண்டனையில்லை. ஆனாலும் கூடப் படித்த நண்பர்கள் முன்னே போய்விட, தான் மட்டும் பின்தங்கிவிட்டதாகப் பிள்ளை நினைக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அது சின்ன விஷயமில்லை.

இன்னொரு மாற்றத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் ஆண்டில் இருந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், படிவம் மூன்றில் இருந்த பி.டி.3 தேர்வு 2022-இலும் நிறுத்தப்பட்டன. பிள்ளைகளுக்கு அந்தப் பயம் போனது நல்லதுதான். ஆனால் வீட்டிலிருப்பவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை மணியாகவும் இருந்தது. அவை நிறுத்தப்பட்டபோது படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். வரை அரசாங்கப் பொதுத்தேர்வு இல்லாமல் போனது. பிள்ளை படிவம் ஒன்றில் சரியத் தொடங்கினால், தாளில் மதிப்பெண்ணாக அது உங்கள் கண்ணில் படுவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடலாம். அதற்கு முன்பே கவனிக்கக்கூடியவர்கள் பள்ளியில் இருக்கிறார்கள்.

ஆலோசக ஆசிரியர்

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் 'டிசிப்ளின் சார்' கூப்பிடுகிறார் என்றே பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறார்கள். கட்டொழுங்கு ஆசிரியரின் வேலை வேறு, ஆலோசக ஆசிரியரின் வேலை வேறு. விதி மீறப்பட்டதா என்று பார்ப்பவர் முன்னவர். ஏன் மீறப்பட்டது என்று கேட்பவர் பின்னவர். மலாயில் இவரை 'குரு கவுன்செலிங்' என்கிறார்கள். இதைத் தமிழில் எழுதும்போது எனக்கே ஒரு தயக்கம் வருவதுண்டு: 'கவுன்சலர்' என்று எழுதினால் நம் பெரியவர்கள் காதில் அது நகராண்மைக் கழக உறுப்பினராகத்தான் விழும். இவருக்கும் வடிகால், குப்பைத்தொட்டிப் புகார்களுக்கும் தொடர்பில்லை. பிள்ளையை உட்காரவைத்து, பேசவிட்டு, கேட்பதற்காகவே பயிற்சி பெற்றவர் இவர்.

கேட்பதோடு இவர் வேலை முடிவதில்லை. பிள்ளையால் சொல்ல முடியாததை, பிள்ளையின் சார்பில், சொல்ல வேண்டிய இடத்தில் எடுத்துச் சொல்பவரும் இவர்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஜாசின் பக்கம் ஒரு தோட்டம். படிவம் இரண்டில் படிக்கும் பெண். வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குத் தாமதம். கட்டொழுங்குப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள், வாய் திறப்பதில்லை. ஆலோசக ஆசிரியர் தனியாக அழைத்து, முதல் நாள் ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டு, இரண்டாம் முறை பேசும்போது விஷயம் வருகிறது. அம்மா இரவு ஷிப்ட் முடித்து வரும்வரை தம்பியைக் குளிப்பாட்டி வேனில் ஏற்றுவது இவள். பாட்டிக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. வேனைத் தவறவிட்டால் அடுத்த வண்டி இல்லை.

இனி ஆசிரியர் என்ன செய்வார்? மாணவர் நலப் பிரிவுத் துணை முதல்வரிடம் நிலைமையை விளக்கி, தாமதத்தைக் குற்றமாகப் பார்க்காமல் இருக்கும்படி கேட்பார். முதல் பாடவேளையைத் தவறவிட்ட வகுப்பின் ஆசிரியரிடம் பேசுவார். வீட்டுக்கு அழைத்து, தம்பியை வேனில் ஏற்ற அக்கம்பக்கத்தில் யாராவது கிடைப்பார்களா என்று விசாரிப்பார். வீட்டின் வருமானம் குறைவு என்றால், ஏழை மாணவர்களுக்கான கே.டபிள்யூ.ஏ.பி.எம். நிதிக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவார். அந்தப் பாட்டி வெட்கப்பட்டுக்கொண்டு "வீட்டுல ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்" என்று சொல்லிவிட்டால் இவற்றில் எதுவும் நடக்காது. பிள்ளை பதிவேட்டிலேயே நின்றுவிடும்.

ஓர் ஆலோசக ஆசிரியரின் பொறுப்பில் பல நூறு மாணவர்கள் இருப்பார்கள். அவராகவே உங்கள் பேரனைக் கண்டுபிடிக்கக் காலம் ஆகலாம். அதனால் அவர் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே முதலில் போகலாம்.

பள்ளிக்கு வரும் தாதியர்

எங்கள் பள்ளிச் சுகாதாரக் குழுவையும் இந்த வட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 2010 முதல் பள்ளியிலேயே இலவசமாகப் போடப்படுகிறது. 15 வயதில் ரணஜன்னித் தடுப்பூசி. இவற்றுக்கான ஒப்புதல் பாரம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். கேட்டு வாங்கிப் பெற்றோரிடம் கையெழுத்துக்குக் கொடுங்கள். ஊசி போட வரும் தாதி, பிள்ளையின் எடை சரிந்திருப்பதையோ கையில் கீறல் இருப்பதையோ பார்த்தால் பள்ளியிடம் சொல்வார்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

2022-இல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் 13 முதல் 17 வயது வரையிலான பள்ளி மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. நால்வரில் ஒருவர் மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னார்கள். எட்டுப் பேரில் ஒருவருக்கு உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தது. பத்தில் ஏறக்குறைய ஒருவர் முயன்றும் இருந்தார்கள். நம் பிள்ளைகள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று எந்த இனத்தாரும் எந்த வீட்டாரும் இருந்துவிட முடியாது.

பள்ளிகளில் ஆலோசக ஆசிரியர்கள் மாணவர்களிடம் 'மிண்டா சிஹாட்' என்னும் மனநலக் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். யாருக்குப் பைத்தியம் என்று கண்டுபிடிக்கும் சோதனை இல்லை இது. சர்க்கரை இருக்கிறதா என்று உங்கள் விரலில் குத்திப் பார்க்கிறோமே, அதைப் போன்றது. கவலைப்படும் அளவுக்கு ஏதேனும் தெரிந்தால், ஆசிரியர் வீட்டுக்குத் தகவல் சொல்லி அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகச் சொல்வார். மெர்லிமாவ், மஸ்ஜித் தானா, பெரிங்கிட், ஆயர் குரோ என்று எல்லாப் பக்கமும் கிளினிக்குகள் உள்ளன. கட்டணம் ஒரு ரிங்கிட். மருத்துவர் தேவைப்பட்டால் மலாக்கா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்கப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். அதனால் மகனோ மகளோ ஒரு நாள் விடுப்பு எடுத்து உடன் வருவது நல்லது. "அதெல்லாம் வேணாம், கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், அர்ச்சனையும் செய்யுங்கள், கிளினிக்குக்கும் போங்கள். ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை.

பள்ளி கவனிப்பதற்கு முன் உங்கள் கண்ணில் படக்கூடியவை உண்டு. பள்ளி நாள் காலைகளில் மட்டும் வரும் வயிற்றுவலி. பிடித்த குழம்பை வைத்தாலும் தொடாத தட்டு. இரவெல்லாம் விளக்கு, பகலெல்லாம் தூக்கம். வேர்க்கும் வெயிலில் முழுக்கைச் சட்டை. ஆசையாக வைத்திருந்த பொருளை நண்பனுக்குக் கொடுத்துவிடுவது. "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு. இவற்றில் ஒன்று ஒருநாள் வந்தால் பதற வேண்டாம். இரண்டு வாரமாக நீடித்தால் ஆலோசக ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி இரண்டில் எதைக் கண்டாலும் இரண்டு வாரம் காக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள்.

நேராகக் கேட்கலாமா என்று பலர் அஞ்சுகிறார்கள். கேட்கலாம். "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று அமைதியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாரோ கேட்டார்களே என்று பிள்ளைக்குப் பாரம் இறங்கும். "எங்க காலத்துல இதைவிடக் கஷ்டம்" என்று மட்டும் தொடங்காதீர்கள். நீங்கள் பட்ட கஷ்டம் உண்மைதான்; ஆனால் அதைக் கேட்டதும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

வீட்டில் இன்னொரு வேலையும் இருக்கிறது. அது பெரும்பாலும் உங்கள் அலமாரியைப் பற்றியது. இரத்த அழுத்தம், சர்க்கரை, வலி என்று நாங்கள் மாதக்கணக்கில் கொடுத்தனுப்பும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். மிஞ்சியவற்றைக் கிளினிக் மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். செம்பனைக்கு அடிக்கும் களைக்கொல்லி வீட்டுப் பின்புறம் கிடந்தால் அதற்கும் பூட்டு. பாரகுவாட் 2020 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய போத்தல் எங்காவது இருந்தால் வைத்திருக்காதீர்கள், வடிகாலில் ஊற்றவும் வேண்டாம், விவசாய இலாகாவைக் கேளுங்கள். கையெட்டும் தூரத்தில் இல்லாத பொருள், அந்த மோசமான பத்து நிமிடத்தைப் பிள்ளை கடந்துவிட உதவும்.

போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில் மூடிமறைத்த குடும்பங்கள் முன்பு உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309-ஐ நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதால் பிள்ளைமீது வழக்கு வராது. அவசரத்துக்கு 999. மனச்சுமையைப் பேசித் தீர்க்க சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ கொடுமை நடந்தால் தாலியான் காசே 15999, எந்நேரமும்.

சொன்னது வெளியே போகுமா?

ஆலோசக அறையில் பிள்ளை சொல்வதை ஆசிரியர் ஊருக்குச் சொல்லமாட்டார்; பாட்டியான உங்களிடம்கூட எல்லாவற்றையும் சொல்லாமல் இருக்கலாம். கோபப்படாதீர்கள். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் பிள்ளை அங்கே போய்ப் பேசுகிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது பிள்ளையிடம் தகாத முறையில் நடந்திருந்தாலோ அவர் மௌனமாக இருக்கமாட்டார். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறார்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். அது உங்களுக்கும் பொருந்தும், குற்றம் செய்தவர் சொந்தக்காரராகவே இருந்தாலும்.

எப்படிப் போவது

முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். வாயிற்காவலரிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, "சாயா நாக் ஜும்பா குரு கவுன்செலிங்" என்று சொன்னால் போதும். மலாய் தடுமாறினால் வெட்கப்பட வேண்டியதில்லை. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி வகுப்பு நடத்தலாம் என்பது விதி. அப்படி வகுப்பு நடக்கும் பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் இருப்பார். அவரை உடன் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். தமிழாசிரியர் இல்லாவிட்டால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நம்மவர் யாராவது இருப்பார். பேரப்பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய பேச்சைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை, பாதியை விழுங்கிவிடும்.

என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதிருந்து மாற்றம், எந்த நாள்களில், சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, வீட்டில் அண்மையில் சாவு, பிரிவு, வேலை இழப்பு ஏதேனும் உண்டா. எழுத வராவிட்டால் நாள்காட்டியில் அந்தந்தத் தேதியில் ஒரு கோடு போட்டுவைத்து, அந்தத் தாளைக் கிழித்து எடுத்துப் போங்கள். பிள்ளைக்குப் பள்ளியில் பிடித்த ஆசிரியர் யார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல நேரம் ஆலோசக ஆசிரியர் முதலில் பேசிப் பார்க்க விரும்புவது அவரிடம்தான்.