ஓபிடி மேசைக்கு மூன்று புத்தகங்கள்

கேள்வி: பேசாலைப் பக்கம் ஒரு பிரதேச வைத்தியசாலையில் வைத்திய அதிகாரியாக இருக்கிறேன். காலையில் ஓபிடி நிரம்பி வழியும். ஆளுக்குச் சில நிமிடமே கிடைக்கும். நோயாளரைக் கவனிப்பது பற்றிப் புதிதாக வந்த நூல்களில் எதை வாங்கலாம்? தாதியர் படிக்கத் தமிழில் ஏதும் உண்டா?
– வாசகர், மன்னார்

பதில்: புதிது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். மருந்தும் அளவும் மாறும். அவற்றுக்குப் புதுப் பதிப்பு வேண்டும். நோயாளியோடு பேசும் முறை அவ்வளவு கெதியில் மாறுவதில்லை. ஆகவே நான் முதலில் சொல்வது 1987இல் வந்த நூல்: ரொஜர் நெய்பரின் ‘தி இன்னர் கொன்சல்டேஷன்’. இங்கிலாந்துக் குடும்ப வைத்தியரான அவர் ஒரு சந்திப்பை ஐந்து படிகளாகப் பார்க்கிறார். முதலில் நோயாளியோடு மனம் ஒட்டவேண்டும். பிறகு அவர் வந்த காரணத்தைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கவேண்டும். சிகிச்சைத் திட்டத்தை அவர் கையில் ஒப்படைக்கவேண்டும். நாம் நினைத்தது பிழைத்தால் என்ன செய்வதென்று சொல்லி அனுப்பவேண்டும். கடைசிப் படி, அடுத்தவரைக் கூப்பிடுமுன் வைத்தியர் தன் மனதைச் சரிசெய்துகொள்வது.

நாலாம் படிக்காகவே அதை வாங்கலாம். டெங்குவை எடுங்கள். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று சனம் நினைக்கும். குருதி நாளங்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். தலைமன்னார் பியரிலிருந்து பிள்ளையோடு வந்த தாய்க்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுத்து விடாமல், “காய்ச்சல் விட்டாலும் வயிற்றுநோ, விடாத சத்தி, கைகால் குளிர், சலம் குறைவு கண்டால் இரவென்றாலும் கொண்டு வாங்கோ அம்மா” என்று சொல்லி, அதை அவர் வாயாலேயே திருப்பிக் கேளுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது, ஜோன் மேர்ட்டாவின் ‘ஜெனரல் பிராக்டிஸ்’. 1994இல் முதலில் வந்து, பதிப்புக்குப் பதிப்பு பெருத்துக்கொண்டே போகும் அவுஸ்திரேலிய நூல். இதற்குப் புதிய பதிப்பையே தேடுங்கள். ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் அவர் கேட்கச் சொல்பவை: வழக்கமான காரணம் எது, தவறவிட்டால் உயிர் போகும் காரணம் எது, அடிக்கடி கண்ணில் படாமல் போவது எது, வேறு நோய் வேஷம் போட்டு வந்திருக்கிறதா, இந்த ஆள் வேறெதையோ சொல்ல வருகிறாரா. ‘வேஷக்காரர்’ பட்டியலில் மனச்சோர்வு, நீரிழிவு, குருதிச்சோகை, தைரொயிட், நாம் கொடுத்த மருந்து எல்லாம் உண்டு.

மூன்றாவது, விக்ரம் பட்டேல் 2003இல் எழுதிய ‘வேர் தெயார் இஸ் நோ சைக்கியாட்ரிஸ்ட்’. ஷார்லட் ஹன்லனோடு சேர்ந்து 2018இல் திருத்திய பதிப்பை வாங்குங்கள். நோயின் பெயரில் தொடங்காமல் நித்திரையின்மை, களைப்பு என்று ஆட்கள் சொல்லும் சொல்லிலேயே தொடங்குகிறது. யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட ஊரில் உடம்பெல்லாம் உளைவு என்று வருபவருக்கு விற்றமின் குளிசை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது.

ஆனால் இவற்றில் எதுவும் மன்னாரை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. அந்த ஆண்டின் கடைசியிலேயே, கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகி மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் அகப்பட்டது. ஆகவே காய்ச்சல்காரரிடம் எங்கே பயணம் போய் வந்தார் என்று கேட்க மறக்காதீர்கள். சங்கு குளிப்பவர் மூட்டு நோவோடு வந்தால் அமுக்க நோயை நினைக்கவேண்டும். கட்டுக்கரைக் குளத்து வயல்காரருக்கு நீரிழிவும் விடாக் காய்ச்சலும் சேர்ந்தால் மெலியோய்டோசிஸை நினைக்கவேண்டும். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வழிகாட்டிகளுக்குக் காசு தேவையில்லை. அவற்றை அச்சிட்டு மேசையில் வையுங்கள்.

தமிழைக் கேட்டீர்கள். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் டாக்டர் கிறீன் 1872இலேயே கிரேயின் உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் கொண்டுவந்தார். அந்த வேகம் தொடரவில்லை என்பதே என் மனக்குறை. நெய்பரின் நாலாம் படியை டெங்கு, வயிற்றோட்டம், தலையடி மூன்றுக்கும் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் எழுதுங்கள். தாதியர் படிக்கவும் நோயாளர் கையில் கொடுக்கவும் அதுவே உதவும். நெய்பரைச் சொந்தக் காசில் வாங்குங்கள். மேர்ட்டா விலை கூடியது, சக வைத்தியர்களோடு காசு சேர்த்து வாங்குங்கள்.