முதல் ஏலத்திலேயே சீட்டு எடுத்தால் ஜாமீன் எதற்கு?

கேள்வி: சொந்தத் தறி வைத்திருக்கிறோம். முகூர்த்த ஆர்டருக்குப் பட்டும் ஜரிகையும் வாங்க 5 லட்ச ரூபாய்ச் சீட்டை ஒன்றரை லட்சம் தள்ளி எடுத்தேன். இத்தனை விட்டுக்கொடுத்தும் ஜாமீன் கேட்கிறார்களே?
- வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: அந்தத் தள்ளுதான் காரணம். அவ்வளவு தள்ளி எடுப்பவர் இரண்டு வகை. பாவுக்கு உடனே பட்டு வாங்க வேண்டிய உங்களைப் போன்றவர் ஒருவர். எடுத்தபின் தவணை கட்டும் எண்ணமே இல்லாதவர் இன்னொருவர். அவருக்கு எவ்வளவு தள்ளினாலும் நஷ்டமில்லை. ஜாமீன் இல்லாவிட்டால் ஏலத்தில் அவரே ஜெயிப்பார். நாணயமானவர்கள் விலக, சீட்டு உடையும். வட்டியை ஏற்ற ஏற்ற, திருப்பிக் கட்டாத அபாயம் கூடியவர்களே கடன் கேட்டு வருவார்கள் என்று பொருளியல் அறிஞர்கள் ஸ்டிக்லிட்ஸும் வெய்ஸும் 1981-இல் விளக்கியதும் இதையே. ஜாமீன் என்றதும் ஏமாற்ற வந்தவர் ஒதுங்கிவிடுகிறார்.

1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டமும் சீட்டு எடுத்தவரிடம் பிணை வாங்கச் சொல்கிறது. சீட்டு நடத்துபவரும் பிணை வைத்தாக வேண்டும்.

ஆனால், மாதச் சம்பளக்காரர்தான் ஜாமீன் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அது நெசவாளிக்கு அநியாயம். கூட்டுறவுச் சங்கத்தில் வருடக்கணக்கில் கூலி வாங்கிய கணக்கு உங்களிடம் இருந்தால் அதைக் காட்டிப் பேசுங்கள். அடுத்த சீட்டில் சேருமுன் அது பதிவான சீட்டா என்று பார்த்துவிடுங்கள்.