கழன்று விழும் கியர்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாவது கியரில் மேடேறிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று உறுமுகிறது. வேகம் மட்டும் கூடுவதில்லை. பார்த்தால் கியர் ராடு தானாகவே நியூட்ரலுக்கு வந்து நிற்கிறது. பலர் அதைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே மாதக்கணக்கில் வண்டி ஓட்டுவார்கள். பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், “கியர்பாக்ஸை இறக்கணும்” என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்கவேண்டிய இடம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது: ராடையும் பெட்டியையும் சேர்க்கும் இணைப்பு.

பெட்டிக்குள் முன்னோக்கி ஓடும் கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியேதான் சுழல்கின்றன. கியர் போடும்போது நகர்வது ஸ்லீவ் என்ற வளையம். ராடின் அசைவைப் பெறும் ஃபோர்க் என்ற கவை அதைத் தள்ள, சக்கரத்தின் ஓரத்திலுள்ள சின்னப் பற்களின்மேல் அது ஏறிக்கொள்கிறது. அந்தப் பற்களின் அடிப்பக்கத்தை லேசாகக் குறுக்கிச் செதுக்கியிருப்பார்கள். அதனால் என்ஜின் இழுக்க இழுக்க ஸ்லீவ் இன்னும் உள்ளே போய் இறுகும். கூடவே, ஸ்பிரிங் தள்ளும் ஒரு குண்டு, ஃபோர்க் தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்து அதை நகரவிடாமல் பிடிக்கும்.

ஸ்லீவ் முழுதாக ஏறினால்தான் இந்த இரண்டு பிடியும் வேலை செய்யும். இணைப்பின் தளர்ச்சியால் குறைவாக ஏறி நின்றால், அது பாதி போட்ட தாழ்ப்பாள்; அதிர்விலேயே கழன்றுவிடும். அப்படியே ஓட்டினால் பற்களின் முனை மட்டும் சுமை தாங்கி மழுங்கிப்போகும். மழுங்கிய பற்களை வெளியிலிருந்து எந்தச் சரிசெய்தலும் காப்பாற்றாது. வெளி இணைப்பைச் சீக்கிரம் பார்க்கவேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள, ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைவிட நல்ல பாடம் கிடையாது. 2003 ஜூலையில் மெக்ஸிகோவின் பூயெப்லா ஆலையில் கடைசி வண்டி வெளிவந்தபோது, 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள் உருவாகியிருந்தன. அதன் என்ஜினும் கியர்பாக்ஸும் பின்னால் இருக்கின்றன. கியர் ராடோ ஓட்டுநர் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே, தரையிலுள்ள சுரங்கம் போன்ற குழாய்க்குள் ஒரு நீளக் கம்பி ஓடுகிறது. அதன் முன்பகுதியைத் தாங்குவது ஒரு சின்ன புஷ். பின்முனையில், பின் சீட்டுக்கு அடியில் ஒரு மூடியைத் திறந்தால் தெரியும் கப்ளிங். புஷ் தேய்ந்தாலும், கப்ளிங்கின் ரப்பர் பொடிந்தாலும், அதன் திருகு தளர்ந்தாலும், கையின் அசைவில் ஒரு பங்கு வழியிலேயே வீணாகிவிடும். ஆகவே சரிசெய்வதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு செய்யும் அட்ஜஸ்ட்மென்ட் நிலைக்காது.

அடுத்தது ராடின் அடிப்பகுதி. அதை இரண்டு போல்ட்கள் பிடித்திருக்கின்றன. 13 எண் ஸ்பேனர் போதும். துளைகள் நீளவாக்கில் இருப்பதால், போல்ட்டைத் தளர்த்தினால் அடிப்பகுதியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் வேலை. பழைய இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்வது அவசியம். ராடுக்குக் கீழுள்ள தடுப்புத் தகட்டைக் கழற்ற நேர்ந்தால், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதையும் குறிக்கவேண்டும்.

ராடை முன்னால் தள்ளிப் போடும் முதல், மூன்றாம் கியர்கள் கழன்றால், அடிப்பகுதியைச் சற்றுப் பின்னால் நகர்த்தவேண்டும். பின்னால் இழுத்துப் போடும் இரண்டாம், நான்காம் கியர்கள் கழன்றால் முன்னால். ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சமாக. பிறகு போல்ட்டை இறுக்கி, கிளட்சை மிதித்து, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரையும் போட்டுப் பார்க்கவேண்டும். கியர் முழுதாக விழுந்த பிறகும் ராடில் சிறிது ஆட்டம் மிச்சமிருக்கவேண்டும். தகட்டிலோ சீட்டிலோ இடித்து நின்றால் அளவு தவறு.

பிற்காலக் கார்கள் பலவற்றில் கம்பிக்குப் பதில் இரண்டு கேபிள்கள். ஒன்று முன்பின் அசைவுக்கு, மற்றது இடவலத்துக்கு. 1997-இல் வந்த நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் அதற்கு நல்ல உதாரணம். நியூட்ரலில் வைத்து, கேபிள் முனைகளின் பூட்டை விடுவித்து, பெட்டியின் மேலுள்ள தண்டையும் உள்ளே கியர் ராடையும் அதனதன் நடுநிலையில் பூட்டுவார்கள். பிறகு கேபிள் பூட்டை மீண்டும் பூட்டினால், நீளம் தானாகப் பொருந்திக்கொள்ளும். மற்ற மாடல்களின் முறை வேறுபடும். அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்தே கைவைக்கவேண்டும்.

கோளாறு உள்ளேயா வெளியேயா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியிலுள்ள நெம்புகோலை நேராகக் கையால் நகர்த்திப் பார்ப்பது. ராடு வழியாகப் போட்டதைவிடக் கூடுதலாக நகர்ந்தால் குறை இணைப்பில். கியர் முழுதாக விழுந்தும் ஓட்டத்தில் கழன்றால், பற்களோ ஃபோர்க்கோ ஸ்பிரிங்கோ காரணமாக இருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதோ விடும்போதோ என்ஜினே குலுங்கினால், என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் கிழிந்திருப்பதாகவும் சந்தேகிக்கவேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் விடாமல் கழன்றால், சந்தேகம் பெரும்பாலும் பெட்டிக்குள்தான்.

இந்தக் கோளாறோடு மலைச்சாலையில் இறங்காதே, தம்பி. கியர் கழன்றால் என்ஜின் தரும் தடுப்புப் போய், முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். ராடின்மேல் கையை வைத்தபடி ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடு. அந்த அழுத்தம் ஃபோர்க்கைத் தேய்க்கிறது. சரிசெய்தும் நிற்கவில்லையென்றால் மெக்கானிக்கிடம் மூன்று விவரங்களைச் சொல்: எந்தக் கியர், அழுத்தும்போதா விடும்போதா, இணைப்பில் எதையெல்லாம் பார்த்தாயிற்று. அதன்பிறகு அவர் பெட்டியை இறக்கச் சொன்னால் சம்மதிக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்