மகப்பேறின்மையும் மன இறுக்கமும்: தளர்வுப் பயிற்சியின் பயனும் எல்லையும்

ஓராண்டுக் காலம் முறையாக இல்லறம் நடத்தியும் கருத்தரிக்காத நிலையை மகப்பேறின்மை என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இதனை எதிர்கொள்வதாக 2023-இல் அந்நிறுவனம் அறிவித்தது. குறை ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். எனினும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி பெண்ணிடமே கேட்கப்படுகிறது.

மும்பையின் புறநகரான டோம்பிவிலியில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. காலையில் ஊசி, பின்னர் நெரிசல் மிக்க மின்ரயில், அலுவலகம், மாலையில் அண்டை வீட்டாரின் வளைகாப்பு அழைப்பு என இறுக்கம் நாள் முழுவதும் தொடர்கிறது. இதே ரயில் பாதையில் உள்ள பரேலின் கே.இ.எம். மருத்துவமனையில்தான் 1986 ஆகஸ்டு 6 அன்று, டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவினரின் முயற்சியால் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. மருத்துவம் அதன்பின் வெகுவாக முன்னேறியுள்ளது. ஆனால் சிகிச்சைக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட காத்திருப்பு நாட்களின் வேதனையை எந்த ஊசியும் போக்குவதில்லை.

தளர்வுப் பயிற்சி இங்குதான் பயன்படுகிறது. மும்பை இதயநோய் மருத்துவர் கே. கே. தாதேயும் அவருடைய குழுவினரும் சவாசனத்தை உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கற்பித்து, அதனால் பலருக்கு அழுத்தம் தணிந்ததை 1969-இல் வெளியிட்டனர். அவ்வாய்வு மகப்பேறின்மை பற்றியதன்று. எனினும் எளிய ஓர் ஆசனம் உடலில் அளந்தறியத்தக்க மாற்றத்தை விளைவிக்கும் என்பதை அது காட்டிற்று. மல்லாந்து படுத்து, கைகால்களைச் சற்றே அகற்றி, மெதுவாக மூச்சுவிட்டு, கவனத்தை நாசியில் நிறுத்துவதே இம்முறை. பாய் விரிக்கும் இடம் போதும்.

படுத்தால் எண்ணங்கள் பெருகுவோருக்கு அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வு முறை ஏற்றது. கையை இறுக மூடி, சில விநாடிகள் கழித்துத் தளர்த்த வேண்டும். இறுக்கத்திற்கும் தளர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதே பயிற்சியின் உயிர்நாடி. பின்னர் தோள், முகம், கால் என ஒவ்வொன்றாகத் தொடரலாம். ரயிலில் அமர்ந்தபடியே கைகளுக்கு மட்டும் செய்வதும் நன்மை தரும். கருமுட்டை எடுத்தபின் வயிற்றுத் தசைகளை இறுக்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இப்பயிற்சிகள் கருத்தரிப்புக்கு உறுதி அளிப்பவை அல்ல. 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஜாக்கி பாய்வின் குழுவினர், சிகிச்சைக்கு முந்தைய மனத்துயர் அச்சுற்றின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை என 2011-இல் அறிவித்தனர். ஆகவே, "கவலைப்படுவதால்தான் உனக்குத் தங்கவில்லை" என்று உறவினர் கூறுவது அறிவியலும் அன்று, ஆறுதலும் அன்று; துயருற்றவள் மீதே பழி சுமத்துவது. அச்சொல்லை நம்பிப் பயிற்சியையும் ஒரு தேர்வாகக் கருதும் பெண், கண்ணை மூடியும் தளர்வதில்லை. பயிற்சி அவளது உறக்கத்திற்காக, அவளது நிம்மதிக்காக. கணவரும் உடன் செய்யலாம்; பரிசோதனைக்கும் அவர் உடன் வர வேண்டும்.

உறக்கமின்மையும் வாழ்வில் வெறுப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் தளர்வுப் பயிற்சி மட்டும் போதாது. மனநல மருத்துவரை அணுகுவதோடு, 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துத் தமிழிலும் மராத்தியிலும் ஆலோசனை பெறலாம்.