2016-இல் வாங்கிய மடிக்கணினியை என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் ஸ்தவாங்கரில் இருக்கிறோம். 2016-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று வீட்டில் உண்டு; விண்டோஸ் 10. இந்தக் கணினி விண்டோஸ் 11-க்கு ஏற்றதல்ல என்ற அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. கணவர் தமிழ்ப் பள்ளிக்கான கடிதங்கள், சங்கக் கணக்கு எல்லாவற்றையும் அதில்தான் பார்க்கிறார். கடிதங்கள் பாமினி எழுத்துருவில். மகள் ஓகஸ்ட்டில் ஸ்தவாங்கர் பல்கலைக்கழகத்தில் பெற்றோலியத் தொழில்நுட்பம் தொடங்குகிறாள். மேக்புக் வேண்டும் என்கிறாள். மகனோ எல்லாவற்றுக்கும் லினக்ஸ் போடுங்கள் என்கிறான். எனக்கு வேலையிடத்தில் தந்த கணினி இருக்கிறது. வீட்டு அலுவல்களையும் அதிலேயே பார்த்துக்கொண்டால் என்ன?

— வாசகி ஒருவர், ஸ்தவாங்கர்

பதில்: மகளின் கணினியிலிருந்து தொடங்குகிறேன் அம்மா, பெரிய காசு அங்கேதான் போகப்போகிறது.

எந்த இயங்குதளம் நல்லது என்று கேட்டால் விடை கிடைக்காது. அவள் எந்த மென்பொருளில் வேலை செய்யப்போகிறாள் என்று கேட்க வேண்டும். கடலுக்கடியில் உள்ள பாறை அடுக்குகளை முப்பரிமாணத்தில் வரைந்து பார்க்க எண்ணெய்த் துறையில் பெரிதும் பாவிக்கப்படும் பெற்றெல், நோர்வேயிலேயே பிறந்த மென்பொருள். ஒஸ்லோவின் டெக்னோகைட் நிறுவனம் 1990களின் இறுதியில் அதை வெளியிட்டது. 2002-இல் ஷ்லம்பர்ஜர் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதற்கு முன் இவ்வகை வேலைக்குச் சன், சிலிக்கன் கிராபிக்ஸ் போன்ற விலைகூடிய யுனிக்ஸ் கணினிகள் தேவைப்பட்டன. பெற்றெல் சாதாரண விண்டோஸ் கணினிக்கென்றே எழுதப்பட்டது. இன்றும் அது விண்டோஸ் மென்பொருள்தான். ஆப்பிள் 2020 நவம்பர் முதல் தன் சொந்தச் சிப்புடன் விற்கும் மேக்குகளில், முன்பு போல விண்டோஸைத் தனியாக நிறுவ முடியாது. மேக்கினுள் விண்டோஸை ஓடவிடும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் கனமான பொறியியல் மென்பொருளை நம்பி அந்த வழியில் இறங்க நான் சொல்லமாட்டேன்.

மகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எண்ணெய் வயலில் திரவம் எப்படி ஓடும் என்று கணிக்கும் ஓபிஎம் ஃப்ளோ என்ற திறந்த மென்பொருளின் வளர்ச்சியில் நோர்வேயின் எண்ணெய் நிறுவனமான எக்குவினோருக்கும் பங்குண்டு. அது லினக்ஸில் ஓடுவது. மூடப்பட்ட வோல்வே எண்ணெய் வயலின் தரவுகளை எக்குவினோர் 2018-இல் பொதுவில் திறந்துவிட்டது. ஏறத்தாழ 40,000 கோப்புகள், எந்த மாணவியும் இறக்கிப் பழகலாம். இரண்டு உலகமும் அவளுக்குத் தேவைப்படும். ஆகவே 16 ஜிபி நினைவகம் உள்ள விண்டோஸ் 11 மடிக்கணினி வாங்குங்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் வசதி இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. வாங்குமுன் ஒன்று: துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, என்ன மென்பொருள் வேண்டும், அது பல்கலைக்கழகக் கணினியில் கிடைக்குமா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். எல்லாம் அங்கேயே கிடைக்கும் என்று பதில் வந்தால் மேக்புக்குக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். நல்ல கணினி அது. எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நோர்வேயின் நுகர்வோர் சட்டப்படி, இப்படி நீண்டகாலம் உழைக்க வேண்டிய பொருள்களில் குறை இருந்தால் ஐந்து ஆண்டு வரை முறையிடலாம்.

இனிப் பழைய மடிக்கணினி. தயவுசெய்து அதைத் தூக்கி எறியாதீர்கள். பாதுகாப்பு விதிகளை இறுக்கியபோது மைக்ரோசொஃப்ட் போட்ட கோட்டில் அது வெளியே விழுந்துவிட்டது, அவ்வளவுதான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறார்கள். அது 2017-இல் வந்தது. விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருப்பதால், பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை இங்கே இலவசம். ஆனால் தானாக வராது. அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய், மைக்ரோசொஃப்ட் கணக்கோடு பதிய வேண்டும். அதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போடுங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. முதலில் ஒரு யுஎஸ்பி குச்சியில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, அச்சு இயந்திரம் வேலை செய்கிறதா, நோர்வேஜிய எழுத்துகள் விசைப்பலகையில் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள். வங்கிகளின் இணைய அடையாளமான பாங்க்ஐடி முன்பு ஜாவாவில் ஓடியபோது லினக்ஸ்காரர்கள் பட்ட பாடு பெரிது. 2014-இல் அந்த ஜாவா போனது. இப்போது வங்கி, அரசுச் சேவைகளான அல்தின், நாவ், ஹெல்சநோர்கெ எல்லாமே உலாவியில் திறக்கின்றன. சங்கக் கணக்கை ஃபிக்கன் போன்ற இணையச் சேவையில் வைத்தால் அதுவும் அப்படியே. இந்த நாட்டுக்கு லினக்ஸ் புதிதுமல்ல. பள்ளிகளுக்கென்றே ஸ்கூல்லினக்ஸ் என்ற திட்டத்தை 2001-இல் இங்கேதான் தொடங்கினார்கள்.

கணவரின் கடிதங்களைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அவரது கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கும். காரணம், கோப்பில் இருப்பது அந்தக் குறிகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. இயங்குதளத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இந்தச் சிக்கல் தொடரும். தேடினால் அகப்படாது, மின்னஞ்சலில் அனுப்பினால் சிதையும். பள்ளியின் பழைய அறிக்கைகள், பரிசளிப்பு விழா அழைப்பிதழ்கள், பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் நம் புலம்பெயர் வாழ்வின் ஆவணங்கள். இன்னும் இருபது ஆண்டு கழித்து நம் பிள்ளைகளுக்கு அவை வாசிக்கக் கிடைக்க வேண்டும். இணையத்தில் பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு மாற்றச் சொல்லுங்கள். மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துவது அவசியம். புதிதாக எழுதத் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11, மேக், லினக்ஸ் மூன்றிலும் உண்டு. பாமினிக்குப் பழகிய விரல்கள் சில வாரம் தடுமாறும். பிறகு சரியாகிவிடும்.

வேலையிடக் கணினியில் வீட்டு அலுவல் வேண்டாம். அது உங்களுடையதல்ல. வேலை மாறும் நாளில் குடும்பப் படங்களோடு திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். நீங்கள் வீட்டில் திறக்கும் ஓர் இணைப்பு நிறுவனத்துக்கே வினையாகவும் முடியலாம். 2019 மார்ச்சில் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோவை முடக்கிய பணயத் தாக்குதல், நம்பிக்கையான வாடிக்கையாளர் ஒருவரின் மின்னஞ்சலோடு வந்த இணைப்பிலிருந்துதான் ஆரம்பித்தது. ஹைட்ரோ கப்பம் கட்டவில்லை. காப்புப் பிரதிகள் இருந்ததால், அவற்றை வைத்தே கணினிகளை மீட்டெடுத்தார்கள்.

மகன் யுஎஸ்பி குச்சியோடு வந்து உட்காருமுன், ஒரு வெளி வன்தட்டு வாங்கி, பழைய கணினியில் உள்ள படங்கள், கடிதங்கள் அனைத்தையும் அதில் படியெடுத்துக்கொள்ளுங்கள். படியெடுத்த கோப்புகள் வேறொரு கணினியில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே மற்ற வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.