துப்பாக்கிக் குழலின் வரிப்பள்ளங்களும் குறியின் துல்லியமும்

1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளுடன் ஒரு கப்பல் அந்தமானின் சாத்தம் தீவை அடைந்தது. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியாளருக்கான தண்டனைக் குடியிருப்பு அவ்வாறு தொடங்கிற்று. அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், அதனை மூட்டிய பொறி தோட்டாவில் பூசப்பட்ட கொழுப்பேயாகும். அக்கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை அறியத் துப்பாக்கிக் குழலின் உட்புறத்தை ஆராய்தல் வேண்டும்.

பழைய மஸ்கட் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது. அதன் உருண்டைக் குண்டு குழலின் விட்டத்தினும் சிறியதாதலால், சுவர்களில் மோதி வெளியேறும். சுமார் 100 கஜத்துக்கு அப்பால் குறி தவறாது சுடுதல் அரிது. குழலினுள் திருகாணியின் மரைபோற் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் இருப்பின், குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றவாறு வெளிப்படும். சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல, சுழலும் குண்டும் புரளாது செல்லும்.

பள்ளங்களை இறுகப் பற்றினாலன்றிக் குண்டு சுழலாது. ஆனால், இறுக்கமான குண்டைக் குழலின் வாய்வழியே செலுத்துதல் கடினம். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளில் இதற்கு வழி காணப்பட்டது. அதன் 0.577 அங்குலக் குழலில் 3 பள்ளங்கள் இருந்தன. குண்டு சற்றே சிறியது, அடிப்புறம் குழிவானது. மருந்து வெடித்ததும் அடிப்புறம் விரிந்து பள்ளங்களிற் பதியும். குண்டைச் சூழ்ந்த தாள் எளிதில் இறங்கவும், வெடிமருந்தின் கசடு இறுகாதிருக்கவும் கொழுப்புப் பூசப்பட்டது. தோட்டாவின் மறுமுனையைப் பல்லாற் கடித்துத் திறக்க வேண்டும். அது பசு, பன்றி ஆகியவற்றின் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பரவிற்று.

பின்புறமாகத் தோட்டா இடும் முறை வந்ததும் இத்தொல்லை நீங்கியது. பின்னர், பள்ளத்தின் வடிவம் கவனத்திற்கு வந்தது. 1888ஆம் ஆண்டின் லீ-மெட்ஃபோர்டு ரைபிளில் ஆழமற்ற, விளிம்பு மழுங்கிய 7 பள்ளங்கள் இருந்தன. கார்டைட் மருந்தின் வெப்பத்தால் அவை விரைவில் தேய்ந்தமையால், 1895இல் ஆழமான 5 பள்ளங்கள் கொண்ட முறை ஏற்கப்பட்டது.

குண்டு நீளுந்தோறும் மிகுந்த சுழற்சி தேவை. 1853ஆம் ஆண்டு மாதிரியில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 39 அங்குலக் குழலில் குண்டு அரைச் சுற்றே சுற்றும். பிந்திய 0.303 அங்குல ரைபிளில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதன் குண்டு விநாடிக்கு 2,440 அடி வேகத்தில் வெளிப்படுமாதலால், விநாடிக்கு 2,928 முறை சுழலும். மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டறியலாம்.

பள்ளமிடும் முறைகளுள் மூன்று முக்கியமானவை. வெட்டுமுறையில் சிறு வெட்டுளி பன்முறை சென்று உலோகத்தைச் சிறிது சிறிதாகச் சீவும். வேலை மெதுவாயினும் எஃகில் தகைவு மிகுவதில்லை. அழுத்துமுறையில் வரிகளுள்ள கடினக் குமிழொன்று குழலினூடே செலுத்தப்படும். விரைவானதெனினும், எஞ்சிய தகைவைச் சூடேற்றி நீக்க வேண்டும். சம்மட்டி முறையில் வரிகளுள்ள தண்டின்மேல் குழலைச் சுற்றிலும் அடித்து வடிவமைப்பர். பெருமளவு உற்பத்திக்கு இது ஏற்றது.

எம்முறையாயினும், விட்டமும் பள்ளத்தின் ஆழமும் திருகலும் குழல் முழுதும் சீராயிருப்பின் குறி துல்லியமாகும். கல்கத்தாவை அடுத்த இஷாப்பூரில் 1904இல் ரைபிள் தொழிற்சாலை நிறுவப்பட்டபோதும் அடிப்படைத் தேவை இதுவே. குண்டு பள்ளத்திற் பதிய வேண்டும் என்னும் எளிய விதியை உணர்ந்தோர், அந்தமான் வரலாற்றின் ஓர் ஏட்டையும் நன்கு உணர்வர்.