கைச்சுத்தம் எந்தத் தெருவில் குடியிருக்கிறது?

நம்பிக்கை: இல்லாதவர்தான் கைநீட்டுவார்.

வீட்டில் மோதிரம் காணோம் என்றால் முதலில் யார் ஞாபகம் வருகிறது? திருச்சியில் தில்லைநகர் அடுக்ககமோ ஸ்ரீரங்கம் உத்தர வீதியோ, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாதான். வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்களின் முறை கடைசியில் வரும், அல்லது வரவே வராது. இந்தச் சந்தேகத்துக்கு ஒரு காலத்தில் சட்டமே துணை நின்றது. 1871-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-இன் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியைச் சொல்லியே ஆளைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். நாடு முழுவதும் அது ஒழிந்தது 1952-இல்.

உண்மை என்ன? ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. வைணவக் குருபரம்பரைக் கதைகளில் பிள்ளை உறங்காவில்லி தாசர் வருகிறார். உறையூர் அரசனிடம் சேவகம் பார்த்த மல்லர். காவிரியில் நீராடித் திரும்பும்போது ராமானுஜர் அவர் தோளில் கைபோட்டு வருவார். பிறப்பால் உயர்ந்ததாகத் தங்களை எண்ணிய சீடர்களுக்கு இது பொறுக்கவில்லை. ராமானுஜர் வாதாடவில்லை. இரவில், கொடியில் காய்ந்த அவர்களுடைய வேட்டிகளைக் கொஞ்சம் கிழித்து வைக்கச் செய்தார். விடிந்ததும் மடத்தில் ஒரே ரகளை. ஒருவரையொருவர் திட்டித் தீர்த்தார்கள். பிறகு அதே சீடர்களை அனுப்பி, தூங்கிக்கொண்டிருந்த தாசரின் மனைவி பொன்னாச்சியின் நகையைக் கழற்றி வரச் சொன்னார். பொன்னாச்சிக்கு விழிப்பு வந்துவிட்டது. ஒரு பக்கத்து நகை போனதும், மறுபக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டுமே என்று புரண்டு படுத்தார். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். வீடு திரும்பிய கணவர் கோபித்துக்கொண்டார், நகை போனதற்காக அல்ல. நீ ஏன் புரண்டாய், அசையாமல் கிடந்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருப்பார்களே என்று.

இதை வரலாற்றுச் சான்றாக நான் நீட்டவில்லை. தாசர் பரம ஏழையும் அல்ல. மனைவி உடம்பில் நகை இருந்ததே! தாழ்வாகப் பார்க்கப்பட்டது பிறப்புதான். ஆனாலும், இரு தரப்புக்கும் ஒரே மாதிரி இழப்பைக் கொடுத்து நடத்தையைப் பார்ப்பது என்ற யோசனை, இன்றைய ஆய்வாளர்களும் மெச்சக்கூடியது.

நம்பிக்கை: குடிசைப் பகுதியில் பொதுச்சொத்தை விட்டால் நாறிப்போகும்.

திருச்சியில் மாநகராட்சி கட்டிய பொதுக்கழிப்பிடங்கள் பல நாறித்தான் கிடந்தன. 2000-ஐ ஒட்டி, கிராமாலயா போன்ற தொண்டு நிறுவனங்களின் துணையோடு, அந்தந்தப் பகுதிப் பெண்களின் குழுக்களே பொறுப்பை எடுத்துக்கொண்டன. முறைவைத்து வாசலில் உட்கார்ந்து காசு வாங்குவார்கள், நோட்டில் எழுதுவார்கள், வங்கியில் கட்டுவார்கள். மின்கட்டணமும் துப்புரவுச் செலவும் போக மிஞ்சியது பகுதிக்கே. 2002-இல் கல்மந்தை, நாட்டிலேயே திறந்தவெளி மலம் கழித்தல் ஒழிந்த முதல் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் மாறவில்லை. சாவி யார் கையில், கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் மாறியது.

நம்பிக்கை: அப்படியானால் ஏழைதான் யோக்கியர், காசு சேர்ந்தால் மனசு கெடும்.

எம்.ஜி.ஆரின் ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) காலத்திலிருந்து நமக்குப் பிடித்த கட்சி இது. 2012-இல் அமெரிக்காவில் பால் பிஃப் குழுவின் ஆய்வு இதற்குத் தீனி போட்டது: விலையுயர்ந்த கார்க்காரர்களே பாதசாரிக்கு நிறுத்தாமல் அதிகம் போனார்களாம். திருச்சி சாலை ரோட்டில் கடக்க நின்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் 2015-இல் பல நாட்டுப் பெருந்தரவுகளை அலசிய ஜெர்மானிய ஆய்வாளர்களுக்கு நேர்மாறான விடைதான் கிடைத்தது. நெதர்லாந்தில், பணம் வெளியே தெரியும் உறைகளை வீடு மாறிப் போட்டுப் பார்த்தபோதும் வசதியான வீடுகளிலிருந்தே அதிகம் திரும்பின. அதற்காக ஏழைக்குக் கைச்சுத்தம் இல்லை என்று தீர்ப்பெழுத முடியாது. வருமானம் கைக்கு வந்து நாளாக ஆக, ஏழை வீடுகளிலிருந்து திரும்பியது குறைந்தது. அந்த நெருக்கடியைக் கணக்கில் சேர்த்தால் குணத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நெருக்கடி என்ன செய்யும் என்பதற்கு நம்மூர்ச் சான்றே உண்டு. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாளில் சிந்தனைச் சோதனைகளில் தடுமாறியவர்களே அறுவடை முடிந்ததும் நன்றாகச் செய்தார்கள். அதே ஆள்தான், அதே மூளைதான்.

நம்பிக்கை: தொகை பெரிதானால் யாருக்கும் சபலம் தட்டும்.

2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000-க்கு மேற்பட்ட பர்ஸ்களைக் கண்டெடுத்ததாகச் சொல்லி வங்கி, ஹோட்டல், அலுவலகக் கவுண்ட்டர்களில் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவும் அதில் உண்டு. பெரும்பாலான நாடுகளில், பணம் இருந்த பர்ஸ்களே காலி பர்ஸ்களைவிட அதிகம் திரும்பின.

நம்மூரில் பயணி விட்டுப்போன பையை ஆட்டோ ஓட்டுநர் ஸ்டேஷனில் ஒப்படைத்தால் போலீஸ் அதிகாரி சால்வை போர்த்துவார், மறுநாள் பேப்பரில் படம் வரும். பாராட்டட்டும், தப்பில்லை. மேலாளர் நாற்காலியில் இருப்பவர் இதையே செய்தால் யாரும் சால்வை வாங்க ஓடுவதில்லை. அவரிடம் அதை எதிர்பார்த்தே இருக்கிறோம், ஓட்டுநரிடம் எதிர்பார்க்கவில்லை.